எந்த வீட்டை விற்பது? தம்பதியரின் ஸ்டாம்ப் டியூட்டிக் கணக்கு

கேள்வி: நானும் கணவரும் லண்டனில் வேலை செய்கிறோம். கலியாணத்துக்கு முன்பே இருவரிடமும் தனித்தனி வீடு இருந்தது. நான் 2018-இல் குரோய்டனில் ஒரு சிறிய வீடு வாங்கினேன். அவரிடம் 2016-இலிருந்து வெம்பிளியில் ஒரு ஃபிளாட் இருக்கிறது. 2023 செப்டம்பரில் பதிவுத் திருமணம் செய்தோம், அடுத்த வாரம் கோவிலில் தாலி கட்டினோம். அன்றிலிருந்து இருவரும் வெம்பிளி ஃபிளாட்டில்தான் இருக்கிறோம். குரோய்டன் வீட்டை வங்கியின் அனுமதியோடு வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

இப்போது குழந்தை வரப்போகிறது. ஹாரோவில் 6 லட்சம் பவுணுக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். குரோய்டன் வீடு 4 லட்சத்து 80 ஆயிரம் போகும், அதில் கடன் 1 லட்சத்து 90 ஆயிரம். ஃபிளாட் 3 லட்சத்து 40 ஆயிரம் போகும், கடன் 2 லட்சத்து 10 ஆயிரம். கையில் அதிகப் பணம் வரும் என்பதால் குரோய்டனை விற்று, ஃபிளாட்டை வாடகைக்கு விடலாம் என்று நினைத்தோம். வீடு வாங்கும் சட்ட வேலை பார்க்கும் சொலிசிட்டர், வாங்கும்போது அரசுக்குக் கட்டும் ஸ்டாம்ப் டியூட்டி வரி 50,000 பவுண் வரும் என்கிறார். எங்களுக்குத் தலை சுற்றுகிறது. ஒருவர் பெயரில் மட்டும் வாங்கினால் குறையுமா? பதிவு செய்யாமல் இருந்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், உண்மையா? ஊரில், யாழ்ப்பாணம் கொக்குவிலில், அப்பா அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடும் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டுமா? இருவரின் சம்பளமும் சேர்த்து ஆண்டுக்கு 1 லட்சத்து 15 ஆயிரம்.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் சொலிசிட்டர் சொன்ன தொகை சரி. நீங்கள் அவரிடம் சொன்ன திட்டத்துக்கு அதுதான் வரி. ஆனால் திட்டத்தைத் திருப்பிப் போட்டு, குரோய்டனை வைத்துக்கொண்டு ஃபிளாட்டை விற்றால், அதே ஹாரோ வீட்டுக்கு 20,000 பவுண்தான் வரும். 30,000 பவுண் மிச்சம். வாங்கி முடித்த அன்று உங்கள் கையில் மொத்தம் எத்தனை வீடு இருக்கும் என்று பார்த்தால் இரண்டு திட்டத்திலும் ஒரே எண்ணிக்கைதான். அப்படியிருந்தும் வரி இவ்வளவு மாறுகிறது. ஏன் என்று விளங்கிவிட்டால் மற்றக் கேள்விகளுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

முதலில் தொகைகள். இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் முதல் வீட்டு விலையில் முதல் 1 லட்சத்து 25 ஆயிரத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் இரண்டரை லட்சம் வரை 2 சதவீதம், அதிலிருந்து 9 லட்சத்து 25 ஆயிரம் வரை 5 சதவீதம். உங்கள் 6 லட்சத்துக்கு இது 2,500-உம் 17,500-உம் சேர்ந்து 20,000. இதற்கு மேல்தான் அந்தக் கூடுதல் வரி வருகிறது. ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர் இன்னொன்று வாங்கினால் முழு விலைக்கும், முதல் பவுணிலிருந்தே, 5 சதவீதம் சேரும். 2016 ஏப்ரலில் 3 சதவீதமாகத் தொடங்கியது, 2024 அக்டோபர் 31 முதல் 5 ஆனது. உங்களுக்கு அது 30,000. மூன்று ஆண்டுக்கு முன் வாங்கிய உறவினர் யாராவது "எங்களுக்கு இவ்வளவு வரவில்லையே" என்று சொன்னால் குழம்ப வேண்டாம், அவர்கள் கட்டியது பழைய வீதம்.

சரி, இந்தக் கூடுதல் வரி யாருக்கு? வாங்கி முடிக்கும் நாளின் இறுதியில் உங்களிடம் வேறொரு வீடு இருக்கிறதா, அதில் உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுணோ அதற்கு மேலோ இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இருந்தால் இரண்டாவது கேள்வி: இப்போது வாங்கும் வீடு, நீங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பதிலாக வருகிறதா? ஆம் என்றால் கூடுதல் வரி இல்லை. குடியிருந்த வீட்டை விற்று இன்னொரு குடியிருப்பு வீடு வாங்குபவரிடம் வேறு பத்து வீடு வாடகையில் இருந்தாலும், இந்த விலக்கு அவருக்குக் கிடைக்கும். பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். "வேறு வீடு இருக்கிறதா? ஆம். அப்படியானால் 5 சதவீதம்." படிவம் நிரப்புபவருக்கும் அதுதான் எளிது.

விலக்கு கிடைக்க, விற்கும் வீடு புது வீடு வாங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டுக்குள் எப்போதாவது வாங்குபவரின் பிரதான வசிப்பிடமாக இருந்திருக்க வேண்டும். அதே மூன்று ஆண்டுக்குள் அது விற்கப்பட்டிருக்க வேண்டும். விற்றவர் வாங்குபவராகவோ அவருடைய கணவன் அல்லது மனைவியாகவோ இருக்கலாம். விற்ற பின் இருவருக்கும் அதில் பங்கு எதுவும் மிஞ்சக்கூடாது. புது வீட்டில் குடியிருக்கும் எண்ணம் உண்மையாக இருக்க வேண்டும். இவ்வளவையும் கணவன், மனைவி இருவரையும் தனித்தனியாக நிறுத்திக் கேட்பார்கள். இருவரில் ஒருவர் தவறினாலும் முழு விலைக்கும் கூடுதல் வரிதான். பாதிப் பங்குக்கு மட்டும் என்று பிரிக்க வழியில்லை.

இப்போது உங்கள் திட்டத்தை இதில் வைத்துப் பாருங்கள். குரோய்டன் வீட்டை விற்கிறீர்கள். நீங்கள் அங்கே குடியிருந்தவர், ஆகவே மூன்று ஆண்டுக்குள் விற்று வாங்கினால் உங்கள் பக்கம் தேறிவிடும். கணவர்? அவர் ஒரு நாள்கூட அதில் குடியிருந்ததில்லை. அவருடைய வசிப்பிடம் வெம்பிளி, அதை விற்கவில்லை. ஆகவே அவர் தவறுகிறார், 30,000 விழுகிறது.

திருப்பிப் போடுங்கள். ஃபிளாட்டை விற்கிறீர்கள். கணவர் அதன் உரிமையாளர், அங்கேயே குடியிருக்கிறார், தேறிவிட்டார். நீங்கள்? ஃபிளாட்டில் உங்கள் பெயர் இல்லைதான். ஆனால் சட்டம் உங்களிடம் பெயரைக் கேட்கவில்லை. "நீங்களோ உங்கள் கணவரோ விற்றீர்களா?" என்று கேட்கிறது. ஆம், கணவர் விற்றார். "அது உங்கள் பிரதான வசிப்பிடமாக இருந்ததா?" ஆம், 2023 செப்டம்பரிலிருந்து. நீங்களும் தேறிவிட்டீர்கள். உங்கள் பெயரில் குரோய்டன் வீடு தொடர்ந்து இருப்பது இந்தக் கணக்கில் குறுக்கே வராது.

நண்பர் சொன்ன பதிவுத் திருமண விஷயமும் இங்கேதான் வருகிறது. பதிவு செய்யாமல் இருந்திருந்தால் நன்மை என்பது பாதி உண்மை, உங்கள் விஷயத்தில் முழுத் தவறு. இங்கிலாந்தில் பதிவாளர் இல்லாமல் கோவிலில் தாலி கட்டுவது மட்டும் சட்டப்படி திருமணம் ஆகாது. 2020-இல் ஒரு நிக்காஹ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. அப்படி இருப்பவர்களை ஸ்டாம்ப் டியூட்டி விதி இரண்டு தனி ஆட்களாகப் பார்க்கும். ஒருவரின் வீடு மற்றவரின் கணக்கில் ஏறாது. அதுதான் நண்பர் கேள்விப்பட்ட பாதி. மறுபாதி என்ன? ஒருவர் விற்றதை மற்றவர் தன் விற்பனையாகக் காட்டவும் முடியாது. நீங்கள் பதிவு செய்யாமல் இருந்து, கணவர் ஃபிளாட்டை விற்று, இருவரும் சேர்ந்து ஹாரோவில் வாங்கினால், நீங்கள் குரோய்டன் வீட்டை வைத்துக்கொண்டு எதையும் விற்காதவர் என்று ஆகிவிடும். 30,000 கட்ட வேண்டியதுதான். அவர் பெயரில் மட்டும் வாங்கித் தப்பலாம். ஆனால் முன்பணத்தில் உங்கள் பணமும் போகும்போது, அந்த வீட்டில் உங்களுக்கு உண்மையான பங்கு உண்டா என்ற கேள்வி எழும். பங்கு உண்டென்றால் வரி வரும், இல்லையென்றால் குழந்தையோடு நீங்கள் குடியிருக்கும் வீட்டில் உங்களுக்கு உரிமையே இல்லை. எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. பதிவு செய்தது நல்லதாகப் போயிற்று. இந்தப் பதிலைப் படிக்கும் மற்றத் தம்பதியரும் கவனிக்க: யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ அந்த நாட்டுச் சட்டப்படி முறையாகத் திருமணம் செய்தவர்கள், இங்கே மறுபடி பதிவு செய்யவில்லை என்பதற்காகத் தனி ஆட்கள் ஆகிவிட மாட்டார்கள்.

ஒருவர் பெயரில் மட்டும் வாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேர்ந்து வாழும் கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் வாங்கினாலும், மற்றவரும் வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் பார்ப்பார்கள். ஆகவே குரோய்டனை விற்கும் திட்டத்தில் யார் பெயரில் வாங்கினாலும் அதே 50,000. "சேர்ந்து வாழும்" என்பதையும் சிலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். ஒருவர் மான்செஸ்டரில் வேலை, மற்றவர் லண்டனில், வார இறுதியில் மட்டும் சந்திக்கிறார்கள் என்றாலும் அவர்கள் சேர்ந்து வாழ்பவர்களே. நீதிமன்ற ஆணையால் அல்லது பிரிவு ஒப்பந்தத்தால் பிரிந்தவர்கள், அல்லது நிரந்தரமாகவே பிரிந்துபோனவர்கள் மட்டும்தான் வேறு கணக்கு.

அப்புறம் நம் ஆட்களிடம் அடிக்கடி கேட்கும் இன்னொரு யோசனை: ஒரு வீட்டைத் தம்பி பெயருக்கு மாற்றிவிடுவது. உண்மையாகவே தம்பிக்குக் கொடுத்துவிட்டால் அது வேறு. அப்போதும் சந்தை விலைக்கு விற்றதாக வைத்து மூலதன ஆதாய வரி (விற்பனை லாபத்துக்கான வரி) பார்ப்பார்கள், கடன் கொடுத்த வங்கி சம்மதிக்க வேண்டும், தம்பி கடனையும் ஏற்றுக்கொண்டால் அந்தக் கடன் தொகைக்கு அவருக்கு ஸ்டாம்ப் டியூட்டி வரலாம். பெயரை மட்டும் மாற்றி, வாடகையை நீங்களே வாங்கிக்கொண்டு, கடனையும் நீங்களே கட்டினால் வீடு உங்களுடையதுதான். வரித் துறைக்கு வங்கிக் கணக்குத்தான் சாட்சி. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்காக வைத்திருக்கும் வீட்டையும் பெற்றோருடையதாகவே எடுத்துக்கொள்வார்கள், ஆகவே பிறக்கப்போகும் குழந்தையின் பெயரில் எழுதும் யோசனையும் வேண்டாம்.

கணவன் மனைவிக்குள் பங்கு மாற்றுவது மட்டும் சுலபம். 2017 நவம்பர் 22 முதல் அதற்குக் கூடுதல் வரி இல்லை. உதாரணமாக குரோய்டன் வீட்டில் பாதியைக் கணவருக்கு எழுதினால், அவர் ஏற்கும் பாதிக் கடன் 95,000 பவுண். அது 1 லட்சத்து 25 ஆயிரத்துக்குக் கீழே என்பதால் சாதாரண ஸ்டாம்ப் டியூட்டியும் இல்லை. ஆனால் இப்படி எழுதுவதால் ஹாரோ வீட்டின் வரியில் ஒரு பவுண்கூடக் குறையாது. அவர் அங்கே குடியிருக்கவில்லை என்பதுதானே சிக்கல், பெயர் அதைத் தீர்க்காது.

கொக்குவில் வீட்டுக்கு வருவோம். கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த வரி உலகில் எங்கே இருக்கும் வீட்டையும் எண்ணுகிறது. சீதனம் என்பதால் விலக்கு இல்லை. அது உங்கள் பெயரில் மட்டும் இருந்தாலும், நீங்கள் திருமணமானவர் என்பதால் கணவரின் கணக்கிலும் ஏறும். 40,000 பவுண் என்பது இன்றைய மாற்று விகிதத்தில் ஒன்றரைக் கோடி இலங்கை ரூபாய்க்கு மேல். கொக்குவில் பக்கம் இன்று ஒரு பரப்புக் காணி என்ன விலை போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டோடு சேர்த்து அந்த வரம்பைத் தாண்டுவது பெரிய விஷயம் இல்லை. உறுதியில் (சொத்துப் பத்திரத்தில்) அப்பா அம்மா சாகும்வரை இருக்கும் உரிமையைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதியிருந்தால், அந்த உறுதியின் நகலை மொழிபெயர்த்து சொலிசிட்டரிடம் கொடுங்கள். உங்களுக்கு இருப்பது எத்தகைய உரிமை என்பதைப் பொறுத்துப் பதில் மாறலாம்.

ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் ஃபிளாட்டை விற்கும் வழியில் போனால் கொக்குவில் வீடும் குரோய்டன் வீடு போலத்தான், இருந்தாலும் வரியைக் கூட்டாது. இந்த ஊர் வீடு உண்மையில் இடிப்பது வேறு ஆட்களை. இங்கே வாடகை வீட்டில் இருந்துவிட்டு முதல் வீடு வாங்கும் தம்பதியர், "எங்களுக்கு இது முதல் வீடுதானே" என்று நினைப்பார்கள். மனைவி பெயரில் ஊரில் ஒரு சீதன வீடு இருந்தால், விற்பதற்கு இங்கே ஒன்றும் இல்லாததால் விலக்கும் இல்லை. 5 சதவீதம் முழுதாக வரும், முதல் வீடு வாங்குவோருக்கான சலுகையும் போய்விடும். பெற்றோர் இறந்து உரிமையாக வந்த பங்கு என்றால் கொஞ்சம் இளக்கம் உண்டு. கணவன் மனைவி பங்கு சேர்த்து பாதிக்கு மேல் போகாமல் இருந்து, வந்து மூன்று ஆண்டு ஆகாமலும் இருந்தால் அதை எண்ண மாட்டார்கள். சீதனம் உயிரோடு இருக்கும்போது கொடுத்தது, ஆகவே இந்த இளக்கம் அதற்குப் பொருந்தாது.

இனிப் பணம். நீங்கள் குரோய்டனை விற்க நினைத்ததே கையில் அதிகம் வரும் என்பதற்காக. அதை நான் ஒதுக்கிவிட முடியாது. குரோய்டனை விற்றால் கடன் போக 2 லட்சத்து 90 ஆயிரம், ஃபிளாட்டை விற்றால் 1 லட்சத்து 30 ஆயிரம். முதல் வழியில் 50,000 வரியும் ஏஜென்ட், சொலிசிட்டர் செலவும் போக ஏறக்குறைய 2 லட்சத்து 28 ஆயிரம் மிஞ்சும், ஹாரோ வீட்டுக்கு 3 லட்சத்து 72 ஆயிரம் கடன் வாங்கினால் போதும். இரண்டாவது வழியில் 20,000 வரியும் செலவும் போக 1 லட்சம்தான் மிஞ்சும், கடன் 5 லட்சம். உங்கள் சம்பளத்தில் நாலரை மடங்கு என்று பார்த்தால் 5 லட்சத்து 17 ஆயிரம் வரை கிடைக்கலாம். ஆனால் குழந்தை பிறந்து நீங்கள் சில மாதம் பாதிச் சம்பளத்தில் இருக்கும் காலத்தில் இது இறுக்கமாக இருக்கும். அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

இதைத் தளர்த்த ஒரு வழி இருக்கிறது. குரோய்டன் வீட்டில் உங்களுக்கு நிறைய இடம் இருக்கிறது: 4 லட்சத்து 80 ஆயிரம் மதிப்புக்கு 1 லட்சத்து 90 ஆயிரம்தான் கடன். அதை வாடகை வீட்டுக் கடனாக மாற்றும்போது 50,000 கூடுதலாக எடுத்து ஹாரோ முன்பணத்தில் போட்டால், அங்கே கடன் நாலரை லட்சமாக, அதாவது விலையில் 75 சதவீதமாக இறங்கும். அந்த இடத்தில் பொதுவாக வட்டி வீதமும் கொஞ்சம் இறங்கும். மறுகடன் எடுப்பதற்கு ஸ்டாம்ப் டியூட்டி இல்லை. வாடகை அந்தக் கடனைத் தாங்குமா என்று வங்கி பார்க்கும், மோர்கேஜ் தரகரிடம் இதை முதலில் கேளுங்கள். ஒரு கசப்பும் உண்டு: வாடகை வருமானத்தில் கடன் வட்டியை முழுதாகக் கழிக்க விடமாட்டார்கள், 20 சதவீதச் சலுகைதான். உங்கள் சம்பளம் 40 சதவீத வரிப் படியில் இருந்தால், பார்க்கும்போது லாபம் போல் இருக்கும் வாடகை வரிக்குப் பின் கொஞ்சம்தான் மிஞ்சும்.

அதனால்தான் மூன்றாவது வழியையும் உங்கள் முன் வைக்கிறேன். இரண்டையும் விற்றுவிடுவது. வரி அதே 20,000, ஹாரோ கடன் இரண்டு லட்சத்து சொச்சத்துக்கு இறங்கும். வாடகைக்காரர், கொதிகலன் பழுது, வரிப் படிவம் எதுவும் இல்லை. கைக்குழந்தையோடு வீட்டுச் சொந்தக்காரராகவும் இருக்க எல்லோருக்கும் பொறுமை இருக்காது. நம் ஆட்கள் வீட்டை விற்பதை ஏதோ தோல்வி போல் பார்க்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால், நிலத்தோடு இருக்கும் குரோய்டன் வீட்டை வைத்துக்கொண்டு, சேவைக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும் லீஸ் ஃபிளாட்டை விடுவதுதான் வரியைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும் நல்லது என்பேன்.

ஃபிளாட் உடனே விற்குமா என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே கவலை. லண்டனில் ஃபிளாட் விற்பனை வீட்டை விட மெதுவாகப் போகிறது. உயரமான கட்டடம் என்றால் வெளிச்சுவர் பாதுகாப்புக்கான ஈ.டபிள்யூ.எஸ்.1 படிவம் இருக்கிறதா என்று வாங்குபவரின் வங்கி கேட்கும். லீஸில் எத்தனை ஆண்டு மிஞ்சியிருக்கிறது என்பதும் முக்கியம், 80 ஆண்டுக்குப் பக்கத்தில் வந்தால் விலை பேசுவார்கள். விளம்பரம் போடும் முன்பே இந்தக் காகிதங்களை மேலாண்மை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள்.

ஃபிளாட் விற்க முன் ஹாரோ வீடு கைநழுவும் என்றால், முதலில் வாங்கிவிட்டுப் பின் விற்கலாம். அப்போது 50,000-ஐயும் வீடு வாங்கிய 14 நாளுக்குள் கட்ட வேண்டும். ஃபிளாட்டை அன்றிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விற்றால் 30,000 திரும்பக் கேட்கலாம். விற்ற நாளிலிருந்து 12 மாதம், அல்லது ஹாரோ வீட்டுக்கான வரிப் படிவத்தின் கெடுவிலிருந்து 12 மாதம், இதில் பிந்தியது எதுவோ அதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று ஆண்டு தாண்டினால் உங்கள் கையை மீறிய விதிவிலக்கான காரணம் காட்ட வேண்டும். நல்ல விலைக்குக் காத்திருந்தோம் என்பது அந்தக் காரணம் ஆகாது. திரும்பப் பெறும் விண்ணப்பத்தை அரசின் இணையத்தளத்தில் நீங்களே செய்யலாம். வரும் தொகையில் பங்கு கேட்கும் ஏஜென்ட்கள் தொலைபேசியில் அழைப்பார்கள், அவர்கள் தேவையில்லை. இந்த வழியில் சிக்கல், அந்த 30,000-ஐ இடையில் எங்கிருந்து புரட்டுவது என்பதுதான். உங்கள் கணக்கில் அது கஷ்டம்.

வேறு யாரும் சொல்லித் தருவதற்கு முன் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இருவரும் குரோய்டன் வீட்டுக்குக் குடிபோய், சில காலம் அங்கே வாழ்ந்து, அதை விற்றால் கணவரும் தேறிவிடுவாரே? ஆம், சட்டப்படி அப்படித்தான். ஆனால் அது உண்மையான குடியிருப்பாக இருக்க வேண்டும். கவுன்சில் வரி, வாக்காளர் பட்டியல், டாக்டரிடம் பதிந்த முகவரி, வங்கித் தபால் எல்லாம் அங்கே இருக்க வேண்டும், சாமான் சட்டி அங்கே இருக்க வேண்டும். இரண்டு மாதம் ஒரு கட்டிலைப் போட்டுவிட்டு வந்தால் எடுபடாது. வாடகைக்காரரை எழுப்பி, வயிற்றுப் பிள்ளையோடு ஒரு முறை குடிபெயர்ந்து, மறுபடி ஹாரோவுக்குப் பெயர்வதற்கு, ஃபிளாட்டை விற்பது எவ்வளவோ மேல்.

மூலதன ஆதாய வரி பற்றிச் சுருக்கமாக. ஃபிளாட்டில் கணவர் வாங்கிய நாளிலிருந்து குடியிருந்தவர் என்றால் விற்பதற்கு வரி இல்லை. குரோய்டனில் நீங்கள் குடியிருந்த காலத்துக்கும் கடைசி 9 மாதத்துக்கும் விலக்கு, வாடகைக்கு விட்ட மற்றக் காலத்துக்கு ஆதாயத்தைப் பங்கிட்டு 18 அல்லது 24 சதவீதம். எப்போது விற்றாலும் வரி வந்தால் 60 நாளுக்குள் அறிவித்துக் கட்ட வேண்டும். வைத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் வரிக்குள் வரும் பங்கு கூடும், ஆகவே 2018 வாங்கிய காகிதங்களையும் பெரிய திருத்த வேலைகளின் ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள்.

மேலே சொன்னது இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும். கிளாஸ்கோவிலிருந்தோ கார்டிஃபிலிருந்தோ வாசிப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்கொட்லாந்தில் கூடுதல் வரி 2024 டிசம்பரிலிருந்து 8 சதவீதம், அங்கே பதிவு செய்யாமல் தம்பதியராக வாழ்பவர்களையும் ஒன்றாகத்தான் பார்ப்பார்கள். வேல்ஸுக்குத் தனி வரி, தனி விதி.

ஹாரோ வீட்டுக்கு விலை பேசும் முன் உங்கள் சொலிசிட்டருக்கு எழுத்தில் இப்படிக் கேளுங்கள்: "எங்கள் திட்டம் மாறியிருக்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து இருவரும் பிரதான வசிப்பிடமாக வைத்திருக்கும் வெம்பிளி ஃபிளாட்டை விற்கிறோம். குரோய்டனும், இலங்கையில் உள்ள வீடும் என் பெயரில் தொடரும். வசிப்பிட மாற்று விலக்கின்படி எங்களுக்குக் கூடுதல் வீதம் பொருந்தாது என்பதை உறுதிப்படுத்துவீர்களா? ஃபிளாட் விற்பனையும் ஹாரோ வாங்குதலும் ஒரே நாளில் முடியும்படி இரண்டு ஒப்பந்தங்களையும் சேர்த்துப் பரிமாற முடியுமா?" பல சொலிசிட்டர்கள் வரி ஆலோசனை தங்கள் வேலை இல்லை என்பார்கள். அப்படிச் சொன்னால், ஸ்டாம்ப் டியூட்டி மட்டும் பார்க்கும் ஒரு வரி ஆலோசகரிடம் எழுத்தில் பதில் வாங்கி, அதை அவரிடம் கொடுங்கள். அதற்கான கட்டணம் இந்த 30,000-இல் மிகச் சிறிய பங்கு.